ஃப்ளோ பெஞ்ச் கதவில் காற்று கசிகிறதே!

பட்டறைக் கேள்வி - பதில்

கேள்வி: அண்ணா, 150 சிசி பைக்கின் சிலிண்டர் ஹெட்டைச் சோதிக்க வீட்டிலேயே ஃப்ளோ பெஞ்ச் கட்டியிருக்கிறேன். 18 மி.மீ. ப்ளைவுட் பெட்டி, உறிஞ்ச வேக்குவம் க்ளீனர் மோட்டார்கள். ஆரிஃபிஸ் தகட்டை மாற்றுவதற்காக முன்பக்கம் ஓர் அடிக்கு ஓர் அடி கதவு. சுற்றிலும் ஸ்பாஞ்ச் ஒட்டி, பக்கத்துக்கு ஒரு கொக்கி போட்டிருக்கிறேன். அதே ஹெட், அதே வால்வ் லிஃப்ட் (வால்வ் திறக்கும் உயரம்). காலையில் 71 சி.எஃப்.எம்., மாலையில் 78. வெயில்தான் காரணம் என்கிறான் நண்பன். சிலிக்கோன் பூசிக் கதவை நிரந்தரமாக ஒட்டிவிடட்டுமா?
- கல்லூரி மாணவர், பல்லடம்

பதில்: ஒட்டாதே தம்பி. நாளைக்கே 40 மி.மீ. ஆரிஃபிஸை எடுத்துவிட்டு 30 மி.மீ. போட வேண்டி வந்தால் உளியோடு உட்காருவாய்.

மற்ற வாசகர்களுக்காக ஒரு வரி. ஹெட்டைப் பெட்டியின் மேல் வைத்து மோட்டாரால் காற்றை உறிஞ்சி, உள்ளே தகட்டில் உள்ள அளவான ஓட்டையின் (அதுதான் ஆரிஃபிஸ்) இரு பக்க அழுத்த வித்தியாசத்தைத் தண்ணீர்க் குழாயில் பார்த்து, நிமிடத்துக்கு எத்தனை கன அடி (சி.எஃப்.எம்.) காற்று போகிறது என்று கணக்கிடுவதுதான் ஃப்ளோ பெஞ்ச். ஹெட் வேலை செய்கிறவர்கள் பெரும்பாலும் 28 இஞ்ச் தண்ணீர் அழுத்தத்தில் சோதிப்பார்கள்.

வெயிலை விட்டுவிடு. ஹெட்டில் நுழையும் அதே காற்றுதான் ஆரிஃபிஸிலும் போகிறது. அதனால் காற்று சூடானாலும் அதன் பங்கு பெரும்பாலும் தானே கழிந்துவிடும். 7 சி.எஃப்.எம். வித்தியாசம் வர 5 செ.மீ. நீளத்துக்கு 1 மி.மீ. இடுக்கு இருந்தால் போதும். 28 இஞ்சில் அந்த இடுக்கில் நுழையும் காற்றின் வேகம் நொடிக்கு 100 மீட்டருக்கும் மேல். உன் ஸ்பாஞ்ச் ஒரு மூலையில் மடங்கியிருந்தாலே கணக்கு முடிந்தது.

இப்போது கதவைப் பற்றி. 28 இஞ்ச் என்பது 711 மி.மீ. தண்ணீர், ஒரு சதுர மீட்டருக்கு 711 கிலோ. உன் ஓரடிக் கதவின் மேல் 66 கிலோ! ஓர் ஆள் ஏறி நிற்பது மாதிரி. இன்டேக் (காற்று உள்ளே வரும் வழி) சோதனையில் உறிஞ்சும்போது வெளிக்காற்று கதவைச் சட்டத்தோடு சேர்த்து அழுத்தும், அது நமக்கு நல்லது. எக்ஸாஸ்ட் (புகை வெளியேறும் வழி) சோதிக்கக் காற்றைத் திருப்பி ஊதும்போது அதே 66 கிலோ கதவைப் பிதுக்கி வெளியே தள்ளும். பக்கத்துக்கு ஒரு கொக்கி எந்த மூலைக்குக் காணும்? கொக்கி பிடித்த இடம் அசையாது, மற்ற இடம் எழும்பும். உறிஞ்சும்போதும் ஒவ்வொரு தடவை மூடுகையிலும் ஸ்பாஞ்ச் ஒவ்வொரு மாதிரி நசுங்குகிறது. காலையும் மாலையும் ஒத்துப்போகாததற்கு என் சந்தேகம் அதன் மேல்தான்.

அந்த ஸ்பாஞ்சில் ஒரு துண்டை வெட்டி வாயில் வைத்து ஊதிப் பார். மூச்சு மறுபக்கம் வந்தால் அது மெத்தைக்குப் போடும் சரக்கு, தூக்கிப் போடு. உனக்குத் தேவை உள்ளறைகள் மூடிய ரப்பர் ஃபோம். கார் டோர் பீடிங் விற்கும் கடைகளில் கேட்டால் பட்டையாகக் கிடைக்கும். மூலையில் வளைத்து ஒட்டாதே, வளைவில் மெலிந்துவிடும். 45 டிகிரியில் வெட்டி, முனைகளை ரப்பர் பசையால் ஒட்டி, ஒரே வளையமாக்கு. மூன்றில் ஒரு பங்கு நசுங்கினால் போதும். அதற்கு மேல் இறுக்க முடியாதபடி பட்டைக்கு வெளியே நான்கு மூலையிலும் சின்ன மரத்துண்டை முட்டுக் கொடு. அப்போதுதான் எத்தனை முறை கழற்றி மாட்டினாலும் கதவு ஒரே இடத்தில் வந்து நிற்கும். எனக்கு முழு அடைப்பைவிட இதுதான் முக்கியம். மாறாத கசிவைக் கழித்துக்கொள்ளலாம், மாறுகிற கசிவை என்ன செய்வாய்?

கொக்கியைக் கழற்றிவிட்டு 10 செ.மீ.க்கு ஒன்றாக எம்6 போல்ட்டும் விங் நட்டும் போடு. போல்ட் ஓட்டை ரப்பர் வளையத்துக்கு வெளியே இருக்க வேண்டும். உள்ளே போட்டால் அதுவே புதுக் கசிவு. கதவின் குறுக்கே ஒரு அலுமினிய ஆங்கிள் முடுக்கினால் நடுவில் தொப்பை போடாது.

சிலிக்கோனை வேறு மாதிரி பயன்படுத்தலாம். சட்டத்தில் சிலிக்கோனைக் கயிறு மாதிரி அறுபடாமல் ஒரு சுற்றுப் பிதுக்கு. கதவின் உள்முகத்தில் செல்லோ டேப் ஒட்டி, மேலே வாஸ்லின் தடவி, முட்டின் மேல் லேசாக உட்காரவைத்து ஒரு நாள் விடு. மறுநாள் கதவு தனியே வரும், சட்டத்தில் அச்சு வார்த்த கேஸ்கெட் இருக்கும். பலகை கோணலாக இருந்தாலும் இது ஒத்துப்போகும். ரப்பர் ஃபோமா இதுவா என்றால் நான் இதைத்தான் சொல்வேன்.

அதற்கெல்லாம் முன்னால் ஒன்றைப் பார். கதவு ஆரிஃபிஸுக்கு எந்தப் பக்கம்? ஹெட்டுக்கும் ஆரிஃபிஸுக்கும் நடுவில் என்றால், உறிஞ்சும்போது உள்ளே வரும் திருட்டுக் காற்றும் ஹெட்டின் கணக்கில் சேரும், ரீடிங் கூடும். ஆரிஃபிஸுக்கும் மோட்டாருக்கும் நடுவில் என்றால் மோட்டார் கொஞ்சம் வீணாக உழைக்கும், அவ்வளவுதான், ரீடிங் கெடாது. ஆரிஃபிஸ் தகட்டின் ஓரத்திலேயே கசிந்தால் ரீடிங் குறையும். ஆகவே தகட்டைக் கீழ்ப்பக்கத்திலிருந்து மாட்டும்படி அமைத்து, கதவை ஆரிஃபிஸுக்கும் மோட்டாருக்கும் நடுவில் உள்ள கீழ் அறைக்கு மாற்று. என்னைக் கேட்டால் பாதிப் பிரச்சினை அங்கேயே தீரும்.

எல்லாம் முடிந்ததும் மேல் ஓட்டையைத் தடித்த அக்ரிலிக் தகட்டால் கிரீஸ் தடவி மூடி, மோட்டாரை மெதுவாக ஏற்றி 28-க்குக் கொண்டு போ. ஆரிஃபிஸ் குழாயில் தண்ணீர் அசையக் கூடாது. அசைந்தால் ஊதுபத்தியைக் கதவோரமாக நகர்த்து. புகை எங்கே சட்டென்று நூலாக நீண்டு உள்ளே இழுபடுகிறதோ, அங்கேதான். நெருப்பு முனையை மட்டும் இடுக்குக்கு மிக அருகில் கொண்டு போகாதே.

கேள்வி: என் பெஞ்ச் எம்.டி.எஃப். (மரநாரை அழுத்திச் செய்த) பலகை. கதவே வைக்கவில்லை, ஆனாலும் மேலே மூடினால் தண்ணீர் அசைகிறது. எங்கே தேடுவது?
- வாசகர், ஓசூர்

பதில்: வெட்டிய ஓரங்களில். எம்.டி.எஃப். பலகையின் முகம் வழவழவென்று இருந்தாலும் அறுத்த விளிம்பு காற்றைக் குடிக்கும். ஃபெவிக்காலில் தண்ணீர் கலந்து இரண்டு கோட், காய்ந்ததும் வார்னிஷ். அப்புறம் ஸ்க்ரூ தலைகள், மானோமீட்டர் (அழுத்தம் பார்க்கும் தண்ணீர்க் குழாய்) நுழையும் துளை, எல்லோரும் மறக்கும் மோட்டார் வயர் துளை. வயர் துளைக்கு எம்-சீல் உருட்டி அடைத்துவிடுங்கள்.

கேள்வி: என் மோட்டார்கள் 28 இஞ்ச் எட்டவில்லை. 10 இஞ்சில் சோதித்தால் கசிவும் குறைந்துவிடும்தானே?
- மெக்கானிக், தேனி

பதில்: கசிவு குறையும், பிழை குறையாது. அழுத்தத்தின் வர்க்கமூலத்தை ஒட்டித்தான் காற்று போகும். ஹெட்டுக்கும் அதே விதி, இடுக்குக்கும் அதே விதி. இரண்டும் ஒரே விகிதத்தில் இறங்குவதால் நூற்றுக்கு இத்தனை என்ற பிழை அப்படியே நிற்கும். 10 இஞ்ச் ரீடிங்கை 28-க்கு மாற்ற 1.67-ஆல் பெருக்குவீர்கள், கசிவையும் சேர்த்துத்தான் பெருக்குவீர்கள். ஒரு லாபம் உண்டு: ஓரடிக் கதவின் மேல் 66 கிலோவுக்குப் பதில் 24 கிலோதான், அதனால் கதவு வளைவது குறையும். 10 இஞ்சிலேயே வேலை செய்யுங்கள், தவறில்லை. ஆனால் போர்ட் வேலைக்கு (ஹெட்டின் காற்று வழியைச் செதுக்கித் திருத்துவதற்கு) முன்னும் பின்னும் அதே 10-இல் எடுங்கள்.