பழைய மோட்டார் படகுக்கு எந்த பேட்டரி? – வாசகர் கேள்வி பதில்

கேள்வி: சிம்கோ ஏரியில் குடும்பத்துடன் சென்றுவர, 1988-இல் கட்டப்பட்ட 24 அடி மோட்டார் படகு ஒன்றை வாங்கியிருக்கிறேன். 4.3 லிட்டர் பெட்ரோல் எஞ்சின். சிறிய அறை, குளிர்பெட்டி, ஸ்டீரியோ, மீன் காட்டும் கருவி எல்லாம் உண்டு. பேட்டரி மட்டும் ஒன்றுதான். நங்கூரம் போட்டு அரைநாள் இருந்துவிட்டுக் கிளம்பினால் எஞ்சின் ஸ்டார்ட் ஆவதில்லை. கார் பேட்டரியே போதும் என்கிறார் நண்பர். லித்தியம் வாங்கச் சொல்கிறார் கடைக்காரர். யார் சொல்வதைக் கேட்பது?
– வாசகர், பேரி, ஒன்ராறியோ

பதில்: இருவர் யோசனையும் தங்கள் படகுக்குப் பொருந்தாது. எஞ்சினை ஸ்டார்ட் செய்வது, மணிக்கணக்கில் மின்சாரம் கொடுப்பது என்னும் இரண்டு வேலைகளையும் ஒரே பேட்டரியின் தலையில் கட்டியிருப்பதுதான் இங்கே கோளாறு.

ஸ்டார்ட்டிங் பேட்டரிக்குள் மெல்லிய ஈயத் தகடுகள் நெருக்கமாக அடுக்கப்பட்டிருக்கும். சில விநாடிகளுக்குப் பல நூறு ஆம்பியரை அள்ளிக் கொடுக்க அந்த அமைப்பு தேவை; ஆனால் அடிக்கடி ஆழமாக வடியவிட்டால் தகட்டின் மேல் உள்ள பசை உதிர்ந்து, சில மாதங்களிலேயே அது வீணாகிவிடும். கார் பேட்டரியும் இந்த வகைதான். போதாக்குறைக்கு, படகு அலையில் மோதும் அதிர்ச்சியைத் தாங்குவதற்காக அது செய்யப்படவில்லை. டீப் சைக்கிள் பேட்டரியில் தகடுகள் தடிமனானவை. மெதுவாக வடிந்து மீண்டும் நிரம்புவதைப் பலமுறை தாங்கும்.

தங்கள் தேவையைக் கணக்கிட்டுப் பார்ப்போம். குளிர்பெட்டி ஓடும்போது சுமார் 4 ஆம்பியர் இழுக்கும் என்றும் பாதி நேரமே ஓடும் என்றும் கொண்டால் சராசரி 2. ஸ்டீரியோவுக்கு 3, மீன் காட்டும் கருவிக்கு 1. ஆக 6 ஆம்பியர் வீதம் 6 மணி நேரத்தில் 36 ஆம்பியர்-மணி போய்விடுகிறது. ஈய-அமில பேட்டரியைப் பாதிக்கு மேல் வடியவிடக் கூடாது என்பதால் குறைந்தது 72 ஆம்பியர்-மணி வேண்டும்; 90 அளவில் உள்ள குரூப் 27 (பெட்டியின் அளவைக் குறிக்கும் எண்) டீப் சைக்கிள் ஒன்று வாங்கினால் கையிருப்பும் இருக்கும். தங்களிடம் இருப்பது அதைவிடச் சிறிய குரூப் 24 என்றால் அதன் நீளம் சுமார் 26 செ.மீ., குரூப் 27-இன் நீளம் சுமார் 31 செ.மீ. ஆகையால், பழைய தட்டில் புதியது உட்காருமா என்பதை அளந்து பார்த்துவிட்டுக் கடைக்குப் போங்கள்.

ஸ்டார்ட் செய்வதற்கென்று தனியாக இன்னொரு பேட்டரி வாங்குங்கள். எத்தனை ஆம்பியர் என்பது எஞ்சின் கையேட்டில் இருக்கும். பேட்டரியின் ஸ்டார்ட் திறனைக் காட்டும் எண்கள் இரண்டு உண்டு: சி.சி.ஏ. என்ற எண் மைனஸ் 18 டிகிரியிலும் எம்.சி.ஏ. என்ற எண் 0 டிகிரியிலும் அளக்கப்படுபவை. ஒரே பேட்டரிக்கு இரண்டாவது எண் ஏறக்குறைய கால் பங்கு கூடுதலாகத் தெரியும். கையேடு ஒன்றைச் சொல்ல, பெட்டியின் மேல் மற்றது அச்சிடப்பட்டிருந்தால் ஏமாந்துவிட வேண்டாம்.

லித்தியத்தை நான் குறை சொல்லவில்லை. அது எடையில் ஈய-அமில பேட்டரியில் பாதிகூட இராது. கொள்ளளவில் 80 சதவீதம் வரை தாராளமாகப் பயன்படுத்தலாம். ஆனால் எஞ்சினால் சுழன்று பேட்டரியை சார்ஜ் செய்யும் 1988-ஆம் ஆண்டு ஆல்டர்னேட்டர், வடிந்த பேட்டரி நிரம்ப நிரம்பத் தன் சுமை குறைந்துகொண்டே வரும் என்ற எதிர்பார்ப்பில் வடிவமைக்கப்பட்டது. லித்தியமோ கிட்டத்தட்ட நிரம்பும்வரை கொடுத்ததையெல்லாம் வாங்கிக்கொள்ளும் என்பதால், ஆல்டர்னேட்டர் நீண்ட நேரம் முழுச் சுமையில் ஓடிச் சூடேறிக் கருகக்கூடும். பேட்டரிக்குள் உள்ள காப்புச் சுற்று திடீரென்று துண்டித்துக்கொண்டால், அந்த நொடியில் எழும் உயர் மின்னழுத்தம் ஆல்டர்னேட்டரின் டயோடுகளை எரித்துவிடக்கூடும். இடையில், மின்னோட்டத்தை அளவோடு கடத்தும் டி.சி.-டி.சி. சார்ஜர் வைத்துத் தடுக்கலாம். அந்தச் செலவையும் சேர்த்துப் பார்த்தால், கோடையில் மட்டும் ஓடும் இந்தப் படகுக்கு அது தேவையற்றது என்பதே என் கருத்து.

எஞ்சியவை, தண்ணீர் ஊற்றும் சாதாரண வகையும், அமிலத்தைக் கண்ணாடி இழை விரிப்பில் தேக்கி மூடிய ஏ.ஜி.எம். வகையும். ஒரே சார்ஜ் இணைப்பில் இரண்டையும் கலக்க வேண்டாம். படகில் படுத்து உறங்கும் அறை அருகில் இருப்பதாலும், சாதாரண பேட்டரி சார்ஜ் ஏறும்போது ஹைட்ரஜனை வெளிவிடும் என்பதாலும், ஏ.ஜி.எம். குளிர்காலத்தில் தானாக வடிவது குறைவு என்பதாலும் விலை கூடுதலானாலும் இரண்டு பேட்டரிகளையும் ஏ.ஜி.எம். ஆக வாங்குவதையே பரிந்துரைப்பேன். அதற்கு முன் எஞ்சினை நிமிடத்துக்கு 1,500 சுற்றில் ஓடவிட்டு, பேட்டரி முனைகளில் மல்டிமீட்டரை வைத்துப் பாருங்கள். 13.8 வோல்ட்டுக்கும் 14.7 வோல்ட்டுக்கும் இடையில் காட்டினால் நல்லது. அதற்கு மேல் ஏறினால் மின்னழுத்தத்தைக் கட்டுப்படுத்தும் ரெகுலேட்டரைச் சரிசெய்த பிறகே ஏ.ஜி.எம். வாங்க வேண்டும்.

மல்டிமீட்டர் கையில் இருக்கும்போதே இன்னொரு சோதனையும் செய்யுங்கள். ஒருவர் சாவியைத் திருப்பும்போது, ஒரு முனையை பேட்டரியின் ஈயக் கம்பத்திலும் மறு முனையை அதில் மாட்டிய கேபிள் காதிலும் (கேபிள் நுனியில் உள்ள உலோக வளையம்) வையுங்கள். அரை வோல்ட் காட்டினாலே அந்த இணைப்பு கெட்டுவிட்டது என்று பொருள். பழைய படகுகளில் கேபிளின் உறையைச் சற்றே கீறினால் செம்பு கறுத்துப்போயிருப்பதையும், காதின் அடியில் பச்சைப் பொடி பூத்திருப்பதையும் காணலாம். அந்தக் கேபிளை மாற்றாமல் எந்த பேட்டரி வாங்கியும் பயனில்லை; பாவம், நல்ல பேட்டரிகள் பல இப்படித்தான் குப்பைக்குப் போகின்றன.

இரண்டு பேட்டரிகளையும் இணைக்க, மின்னழுத்தம் சுமார் 13 வோல்ட்டைத் தாண்டியதும் தானே சேர்த்து, இறங்கியதும் தானே பிரிக்கும் ரிலே ஒன்று வையுங்கள். கையால் திருப்பும் சுவிட்ச் இருந்தால் எஞ்சின் ஓடும்போது அதை ‘ஆஃப்’ நிலைக்குக் கொண்டுபோகக் கூடாது. பெட்ரோல் எஞ்சின் அறைக்குள் பொருத்தும் ரிலே, சுவிட்ச், சார்ஜர் யாவும் தீப்பொறி வெளிவராத கடல்சார் வகையாக இருக்க வேண்டும். அடித்தள நீரை இறைக்கும் பம்பின் இணைப்பு, ஃபியூஸ் வழியாக நேராக பேட்டரிக்கே போகட்டும். அமெரிக்கப் படகுத் தர அமைப்பான ஏ.பி.ஒய்.சி.யின் தரவிதிப்படி 90 பவுண்டு விசையில் ஒரு நிமிடம் இழுத்தாலும் பேட்டரி ஓர் அங்குலத்துக்கு மேல் நகரக் கூடாது. எனவே தட்டும் பட்டையும் உறுதியாக இருக்கட்டும்.

படகைக் கரையேற்றியதும் இரண்டையும் முழுக்க சார்ஜ் செய்து இணைப்பைக் கழற்றிவிடுங்கள். வடிந்த பேட்டரி சுமார் மைனஸ் 10 டிகிரியிலேயே உறைந்து வெடிப்பு விடும். நிரம்பியது ஒன்ராறியோ குளிரில் உறையாது.

கேள்வி: என் அலுமினியப் படகில் பழைய 25 குதிரைத்திறன் அவுட்போர்டு மோட்டார் உள்ளது. அதற்கும் ஏ.ஜி.எம். போடலாமா?
– வாசகர், ஹாமில்டன்

பதில்: வேண்டாம். அக்காலத்துச் சிறிய மோட்டார்கள் பலவற்றில் ரெகுலேட்டர் கிடையாது. வேகமாக ஓடும்போது மின்னழுத்தம் 15 வோல்ட்டைத் தாண்டும். மூடிய பேட்டரி அதில் வறண்டுவிடும். மூடி திறந்து டிஸ்டில்டு வாட்டர் ஊற்றக்கூடிய சாதாரண பேட்டரியே தங்களுக்கு ஏற்றது. மாதம் ஒருமுறை நீர்மட்டத்தைப் பார்த்து, தகடுகள் மூழ்கியிருக்குமாறு ஊற்றி வாருங்கள்.