கூடத்தில் ஏழு பேர் சொன்னால் கோடு நீளுமா?

அம்மா, பிளஸ் டூ முடிக்கும் உங்கள் மகள் சமூக உளவியல் படிக்க ஆசைப்படுகிறாள்; சுற்றியிருப்பவர்களால் நம் நினைப்பும் நடத்தையும் எப்படி மாறுகின்றன என்று பார்க்கும் படிப்பு அது. உறவினர்களோ கம்ப்யூட்டர் இன்ஜினியரிங்தான் என்கிறார்கள். மேனேஜ்மென்ட் கோட்டாவுக்காக நகையை அடகு வைக்கலாமா என்று கேட்கிறீர்கள். உங்கள் பதற்றம் புரிகிறது. ஆனால் நகையைத் தொடாதீர்கள்.

உங்கள் வீட்டுக் கூடத்தில் நடப்பதை அமெரிக்காவில் உளவியலாளர் சாலமன் ஆஷ் 1951-லேயே சோதித்துவிட்டார். ஒரு கோட்டைக் காட்டி, பக்கத்திலுள்ள மூன்றில் அதே நீளம் எது என்று கேட்டார். தனியாகச் சொல்லும்போது தவறுவது அபூர்வம். முன்பே ஏற்பாடு செய்த ஆட்கள் ஒருவர் பின் ஒருவராகத் தவறான கோட்டைச் சொன்னதும், சோதனைக்கு வந்தவர்களில் சுமார் முக்கால்வாசிப் பேர் ஒருமுறையாவது அதையே சொன்னார்கள். கூட்டத்தில் ஒரே ஒருவர் சரியாகச் சொன்னாலும் இந்தத் தவறு வெகுவாகக் குறைந்தது. விடையைத் தனியே எழுதித் தரச் சொன்னபோதும் குறைந்தது.

ஆகவே அடுத்த பேச்சுக்கு முன் நீங்கள், கணவர், மகள் மூவரும் தனித்தனித் தாளில் எழுதுங்கள்: எந்தப் படிப்பு, ஏன், அதிகபட்சம் எவ்வளவு செலவு. பிறகு ஒன்றாகப் பிரித்துப் பாருங்கள். உறவினர் முன்னால் அவள் பக்கம் பேச ஒருவராவது வேண்டும். அது நீங்களாக இருங்கள்.

'முதலில் அட்வான்ஸ் கட்டுவோம், பிறகு யோசிப்போம்' என்பதும் கூடாது. கட்டிய பிறகு, கட்டியது சரிதான் என்று மனசே காரணம் தேடும். உளவியலாளர் லியோன் ஃபெஸ்டிங்கர் 1957-ல் விளக்கிய அறிதல் முரண்பாடு இதுதான். கடன் வாங்கிப் படிக்கவைத்த வீட்டில், பிடிக்கவில்லை என்று சொல்லவே பிள்ளை பயப்படும்.

சமூக உளவியலுக்கென்று தனி இளங்கலை தேடி அலைய வேண்டாம். பி.எஸ்சி. உளவியலுக்குள் அது ஒரு பாடம். சென்னை மாநிலக் கல்லூரியிலும் கோவை அரசு கலைக் கல்லூரியிலும் இந்தத் துறை இருக்கிறது. கட்டணத்துக்கு அடகுக்கடை ஏற வேண்டியதில்லை. அரசு கலைக் கல்லூரிகளுக்கு இணையத்தில் பொது விண்ணப்பம்தான். அவள் அரசுப் பள்ளியில் 6 முதல் 12 வரை படித்தவளானால் புதுமைப்பெண் திட்டத்தில் மாதம் 1,000 ரூபாயும் கிடைக்கும்.

ஆனால் ஆசை உண்மையா என்று பார்த்தே ஆக வேண்டும். பலர் 'மனசைப் படிக்கலாம்' என்று நினைத்து வந்து, புள்ளியியல் தாளில் திணறுகிறார்கள். இரண்டு வாரம் அவள் ஒரு நோட்டில் நெடுக்காகக் கோடு போட்டு மூன்று பத்தி பிரிக்கட்டும்: ஒருவர் என்ன செய்தார், அவர் குணம் பற்றி எனக்குத் தோன்றியது என்ன, அப்போது அவருடைய சூழ்நிலை என்ன. பஸ்ஸில் எரிந்து விழுந்த கண்டக்டரை முதலில் 'சிடுமூஞ்சி' என்றே எழுதுவாள். சூழ்நிலைப் பத்தியில் கூட்டமும் சில்லறைத் தட்டுப்பாடும் வரும். சூழலை விட்டுவிட்டுக் குணத்தைக் குற்றம் சொல்லும் இந்தப் பழக்கத்துக்கு 1977-ல் உளவியலாளர் லீ ராஸ் 'அடிப்படைக் காரணப் பிழை' என்று பெயரே வைத்தார். கடைசியில் எத்தனை முறை தன் முதல் ஊகம் மாறியது என்று எண்ணி, சதவீதம் போடட்டும். எண்ணுவதிலும் அவளுக்கு ஆர்வம் இருந்தால் தயங்காமல் சேருங்கள். கதை மட்டும் பிடித்து, எண்ணிக்கை கசந்தால் வேறு பாடம் பார்ப்பதே நல்லது.

ஒன்றை மறைக்க மாட்டேன்: இளங்கலையோடு நிறுத்தினால் உளவியலாளர் வேலை கிடைக்காது. முதுகலைக்கும் சேர்த்தே ஐந்து வருடச் செலவைக் கணக்கிடுங்கள். மருத்துவ உளவியலாளராக வேண்டுமானால் ஆர்.சி.ஐ. (இந்திய மறுவாழ்வு கவுன்சில்) அங்கீகாரம் பெற்ற படிப்பும் பதிவும் கட்டாயம். சேரும் முன் அந்த அங்கீகாரக் கடிதத்தைக் காட்டச் சொல்லுங்கள். காட்டத் தயங்கும் இடத்தில் ஒரு ரூபாயும் கட்டாதீர்கள்.