ஆஸ்பத்திரி எமர்ஜென்சிக்கு வர்றவங்க டேட்டாவை வெச்சு ஊர்ல நோய் பரவுதான்னு சீக்கிரமே கண்டுபிடிக்க முடியுமா? ப்ரைவசி என்னாகும்?

முடியும். நான் அமெரிக்காவுல ஒரு கவுன்ட்டி (நம்ம மாவட்டம் மாதிரி) சுகாதாரத்துறைல ஆறு வருஷமா இந்த வேலைதான் பாக்கறேன், அதனால பதில் கொஞ்சம் நீளமா வரும், பொறுத்துக்கோங்க.

எமர்ஜென்சிக்கு யார் வந்தாலும் முதல்ல ட்ரையாஜ் நர்ஸ், அதாவது யாரை முதல்ல பாக்கணும்னு பிரிக்கற நர்ஸ், "என்ன பண்ணுது"ன்னு கேட்டு ஒரு வரி டைப் பண்ணுவாங்க. சீஃப் கம்ப்ளெயின்ட்னு பேரு. "மூணு நாளா காய்ச்சல், இருமல்", "காலைலேர்ந்து வாந்தி", அவ்ளோதான். டாக்டர் பாத்து, சாம்பிள் எடுத்து, லேப் ரிசல்ட் வந்து, அது எங்களுக்கு ரிப்போர்ட்டா வர்றதுக்குள்ள நாள் கணக்குல ஆயிடும். இந்த ஒரு வரி பெரும்பாலும் மறுநாள் காலைலயே எங்க ஸ்கிரீன்ல இருக்கும், ஒரே மாதிரி புகார் வழக்கத்தை விட கூடுதான்னு எண்ணிப் பாப்போம். கூடவே வயசு, ஆணா பெண்ணா, ஜிப் கோடு (நம்ம பின்கோடு மாதிரி), வந்த நேரம். பேரு, ஃபோன் நம்பர் எல்லாம் எங்ககிட்ட வராது. ஏதாவது சந்தேகமா இருந்தா அந்த விசிட் நம்பரைச் சொல்லி ஆஸ்பத்திரிக்கு ஃபோன் பண்ணுவோம், யாருன்னு அவங்கதான் எடுத்துப் பாப்பாங்க.

இது எப்படி ஆரம்பிச்சதுன்னா, 2001 செப்டம்பர் தாக்குதலுக்கு அப்புறம் கிருமியை வெச்சு அடுத்து யாராவது ஏதாவது பண்ணிடுவாங்களோன்னு பயம். நியூயார்க்ல 15 ஆஸ்பத்திரி எமர்ஜென்சில ஆளுங்களை உக்கார வெச்சு வர்றவங்களுக்கெல்லாம் பேப்பர் ஃபார்ம் நிரப்பினாங்க. ராத்திரி பகல்னு அப்படியே எத்தனை நாள் ஓட்ட முடியும், அதனால ஆஸ்பத்திரி கம்ப்யூட்டர்லேர்ந்தே அந்த வரிகளை வாங்க ஆரம்பிச்சாங்க. முதல் வருஷத்துலயே 39 எமர்ஜென்சி, ஊர்ல நடக்கற விசிட்ல கிட்டத்தட்ட 75%.

அப்புறம் 2003 ஆகஸ்ட் 14, அந்தப் பெரிய கரன்ட் கட். நியூயார்க்ல ஒரு நாளைக்கு மேல இருட்டு, ஆகஸ்ட் வெயில், ஃப்ரிட்ஜ்ல இருக்கற கறியும் மீனும் என்னாகும்னு சொல்லணுமா! ரெண்டு மூணு நாள்ல வயித்துப்போக்குன்னு எமர்ஜென்சிக்கு வர்றவங்க எண்ணிக்கை ஊர் முழுக்க ஏறுச்சு, வயித்துப்போக்கை நிறுத்தற மாத்திரை விற்பனையும் கூடுச்சு. எனக்கு இதுல ரொம்பப் பிடிச்ச விஷயம், வழக்கமான ரிப்போர்ட் எதுலயும் இது தெரியவே இல்ல. எல்லாரும் தனித்தனி வீட்ல சாப்பிட்டு தனித்தனியா வயிறு கெட்டவங்க, ஒரு கல்யாண வீட்டு சாப்பாடு மாதிரி கூட்டமா வந்து புகார் சொல்ல யாரும் இல்ல. அப்புறம் விசாரிச்சுப் பாத்தப்ப கரன்ட் போனதுக்கப்புறம் கறி, கடல் மீன் வகை சாப்பிட்டவங்கதான் அதிகமா மாட்டியிருந்தாங்க.

அதே ஆகஸ்ட் மாசம் பிரான்ஸ்ல வெயில்ல கிட்டத்தட்ட 15,000 பேர் கூடுதலா செத்தாங்க, பெரும்பாலும் வயசானவங்க. எமர்ஜென்சில இருந்த டாக்டர்களுக்கு கண்ணு முன்னாடி தெரிஞ்சுது, ஆனா நாடு முழுக்க அதைச் சேத்துப் பாக்க அன்னிக்கு ஒரு ஏற்பாடு இல்ல. அடுத்த வருஷமே ஆஸ்கூர்னு எமர்ஜென்சி நெட்வொர்க் ஒண்ணு ஆரம்பிச்சாங்க. அந்த ஒரு வருஷம் முன்னாடி ஆரம்பிச்சிருக்கக் கூடாதான்னு இன்னிக்கும் மனசு அடிச்சுக்கும்.

இப்போ இந்த வேலைல இருக்கற கஷ்டங்களைச் சொல்றேன். நம்ம ஊர்ல ஒரே விஷயத்தை பேதி, வயித்தால போகுது, லூஸ் மோஷன்னு ஆளுக்கொரு விதமா சொல்ற மாதிரிதான் இங்கயும், அதுக்கு மேல டயரியாங்கற ஆங்கில வார்த்தைக்கு ஸ்பெல்லிங் அவசரத்துல எத்தனை விதமா வருதுன்னு நீங்க நம்பவே மாட்டீங்க, எல்லாத்தையும் புரோகிராம்ல சேக்கணும். "காய்ச்சல் இல்லைன்னு சொல்றார்"ங்கறதை கம்ப்யூட்டர் காய்ச்சல்னு எண்ணிடும். ஓ.டி.ன்னு போட்டா அது போதை மருந்து ஓவர்டோஸா இருக்கலாம், கண் டாக்டர் பாஷைல வலது கண்ணாவும் இருக்கலாம். ஒரு தடவை வாந்தி கேஸ் திடீர்னு டபுள் ஆகி நாங்க பதறிப் போய் விசாரிச்சா, ஒரு ஆஸ்பத்திரி ரெண்டு நாள் டேட்டாவை சேத்து அனுப்பியிருக்காங்க. அதனால ஸ்க்ரீன்ல கிராஃப் ஏறுனா நான் முதல்ல பண்றது அந்த வரிகளை ஒண்ணொண்ணா உக்காந்து படிக்கறதுதான், இதுக்கு ஷார்ட்கட் கிடையாது.

இன்னொண்ணு, இது வந்தவங்க கணக்கு மட்டும்தான், வராதவங்க இதுல இல்ல. 2020 ஏப்ரல் வாக்குல அமெரிக்கா முழுக்க எமர்ஜென்சி விசிட் முந்தின வருஷத்தை விட 42% விழுந்துச்சு. கோவிட் அவசரநிலை அறிவிச்சதுக்கு அடுத்த பத்து வாரத்துல ஹார்ட் அட்டாக்குக்கு வர்றவங்க 23%, ஸ்ட்ரோக்குக்கு 20% குறைஞ்சாங்க. நோய் குறைஞ்சிருக்குமா? பயந்துக்கிட்டு நெஞ்சு வலியோட வீட்லயே இருந்தாங்க. கிராஃப் இறங்குறதும் ஒரு அலாரம்தான்னு எனக்கு உறைச்சது அப்பதான்.

போன வருஷம் ஒரு ஆஸ்பத்திரில நர்ஸுங்க கூட பேசப் போயிருந்தேன். "நாங்க டைப் பண்றதை யாராவது படிக்கறாங்களா"ன்னு ஒரு சீனியர் அம்மா கேட்டாங்க. நான் படிக்கறேங்க, தினமும் காலைல ஏழு மணிக்குன்னேன். அப்போ இனிமே எங்க சாப்பிட்டாங்கங்கறதையும் சேத்துப் போடறேன்னாங்க, இப்பவும் போடறாங்க.