ரான்சியர் போடாத வாக்கு

அன்புள்ள ஐயா,

அலோன்சோ ரான்சியர் குறித்து நீங்கள் எழுதியதைப் படித்தேன். தென் கரோலினாவின் முதல் கறுப்பினத் துணை ஆளுநர். பிறகு ஒரே ஒரு தவணை அமெரிக்கப் பிரதிநிதிகள் அவை உறுப்பினர். கடைசியில் தெருக்கூட்டும் தொழிலாளி. தோற்றுப்போன ஒருவருக்கு இத்தனை பக்கங்கள் ஏன்? அவர் காலத்தவர்களில் அடுத்து யாரைப் படிக்கலாம்?

ச.

அன்புள்ள ச.,

ஒரு வாரமாக ரான்சியர் நினைப்பாகவே இருக்கிறேன். உங்கள் கடிதமும் வந்து சேர்ந்தது. அடுத்து, அதே தென் கரோலினாவிலிருந்து பிரதிநிதிகள் அவைக்குப் போன இன்னொரு கறுப்பினத்தவரான ராபர்ட் ஸ்மால்ஸைப் படியுங்கள். அது இருக்கட்டும்.

‘தோற்றுப்போன’ என்று எவ்வளவு எளிதாக எழுதிவிட்டீர்கள்! 1874இல் சொந்தக் கட்சியே அவரை மறுபடி நிறுத்தவில்லை. பின்னாளில் சார்ல்ஸ்டனில் இரவுக் காவலராக இருந்தார், தெருக் கூட்டினார், 1882இல் இறந்தார். அதில் அவர் வெட்கப்பட என்ன இருக்கிறது? துடைப்பத்தை வைத்து மனிதரை அளக்கும் பழக்கத்தை இன்றோடு விட்டுவிடுங்கள்.

நான் விடாமல் நினைப்பது 1875ஆம் ஆண்டுக் குடிமை உரிமைகள் சட்டத்தைத்தான். விடுதியிலும் ரயிலிலும் நாடக அரங்கிலும் நிறம் பார்த்து ஒதுக்கக் கூடாது என்ற சட்டம். அவையில் அதற்காக வாதாடியவர் ரான்சியர். முதலில் அதில் பள்ளிக்கூடங்களும் இருந்தன. மசோதா தேறினால் போதும் என்று அந்தப் பிரிவை மட்டும் வெட்டிவிட்டார்கள். ரான்சியர் வாக்களிக்க மறுத்தார்.

கிடைத்தவரை லாபம் என்று வாங்கிக்கொள்வதுதானே விவேகம் என்பீர்கள். நானும் வெகுகாலம் அப்படித்தான் நினைத்தேன். என் அம்மாவுக்கு எண்கள் தெரியும், எழுத்து தெரியாது. பஸ்ஸின் எண்ணைப் பார்த்துக் கை காட்டுவார். ஊர்ப் பெயரை என்னை வாசிக்கச் சொல்வார். நான் கூட இல்லாத நாளில் பஸ் நிலையத்தில் யாரிடம் கேட்பது என்று முகம் முகமாகப் பார்த்துக்கொண்டு நின்றிருப்பார். பஸ்ஸில் ஏறக்கூடாதென்று அவரை யாரும் தடுக்கவில்லை. ஏறும் உரிமை முழுதாக இருந்தது. அதை வைத்துக்கொண்டு அவர் என்ன செய்ய முடிந்தது, சொல்லுங்கள்?

1868இல் தென் கரோலினாவுக்கு அரசியலமைப்பு எழுதிய மாநாட்டில் ரான்சியரும் ஓர் உறுப்பினர். எல்லாப் பிள்ளைகளுக்கும் பொதுப்பள்ளி என்று எழுதிவைத்த மாநாடு அது. அங்கே பள்ளியைக் கேட்டு வாங்கியவர், ஏழே ஆண்டுகளில் பள்ளியை விட்டுக்கொடுத்துக் கை தூக்குவாரா?

அவர் இறந்த மறு ஆண்டு, 1883இல், அந்தச் சட்டத்தின் முக்கியப் பிரிவுகள் செல்லாது என்று உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. அப்படியானால் அவர் வாக்களித்தால் என்ன, விட்டால் என்ன என்று கேட்டு இன்னொரு கடிதம் எழுதிவிடாதீர்கள், ச.