எரிதலை ஆராயும் விண்வெளிப் பொறியாளருக்கு என்ன வேலை?

ராக்கெட்டில் எரிபொருள் எரிகிறது, இதில் வாழ்நாள் முழுக்க ஆராய என்ன இருக்கிறது என்று கேட்டிருக்கிறீர்கள். நெருப்பை மூட்டுவது எளிது, அடக்கி வைப்பதுதான் பெரும்பாடு. அழுத்த அலைகள் சுடரை உலுக்கி, சுடர் அந்த அலைகளையே வளர்த்துவிட்டால் எஞ்சின் சிதறிவிடும். மனிதர்களை நிலவுக்கு அனுப்பிய சாட்டர்ன் 5 ராக்கெட்டின் எஃப்-1 எஞ்சினுக்கு 1960-களில் இதுதான் நடந்தது. பொறியாளர்கள் ஓடும் எஞ்சினுக்குள்ளேயே சின்னக் குண்டுகளை வெடித்து, வேண்டுமென்றே அதிர்வை உண்டாக்கினார்கள். அது தானாக அடங்கும்வரை எரிபொருள் தெளிக்கும் தட்டின் துளைகளையும் தடுப்புகளையும் மாற்றி மாற்றிச் சோதித்தார்கள். என்ன பொறுமை! எனக்கு இந்தத் துறையில் மிகவும் பிடித்த கதை இதுதான்.

சரி, படிப்பு? வானூர்தி, இயந்திரவியல், வேதிப் பொறியியல் எதிலிருந்தும் வரலாம், ஆராய்ச்சி என்றால் பெரும்பாலும் முனைவர் பட்டம் தேவைப்படும். சென்னை ஐஐடியில் எரிதலுக்கென்றே ஒரு தேசிய ஆய்வு மையம் இருக்கிறது.