சேலைக் கரை முகப்பு ‘ஸ்டிக்கர்’ போலத் தெரிந்தால்

கட்டடக்கலைப் பாடத்துக்கு நீங்கள் வரைந்த மண்டபத்தின் முகப்பில் உள்ள சேலைக் கரையை எடுத்துவிடுங்கள். சேலையில் கரை உடலோடு சேரும் முறையை மட்டும் வைத்துக்கொள்ளுங்கள். மலேசியாவின் சுங்கை சிப்புட் சமூக மண்டபத்துக்கு நீங்கள் வரைந்ததை விரிவுரையாளர் "வெறும் ஸ்டிக்கர்" என்றது பெரும்பாலும் இதனால்தான்: டிசைனை மட்டும் எடுத்துச் சுவரில் ஒட்டியிருக்கிறீர்கள்.

காஞ்சிபுரம் கோர்வை என்ற நெசவு முறையில் கரைக்கும் உடலுக்கும் தனித்தனி நாடா (ஊடை இழையைக் கொண்டு செல்லும் தறிக் கருவி) ஓடும். சேரும் இடத்தில் குறுக்கே ஓடும் ஊடை இழைகள் ஒன்றையொன்று கவ்விக்கொள்ளும். உங்கள் மண்டபத்தில் அந்த இடம் எது? என்னைக் கேட்டால் ஐந்தடி நடைபாதை, அதாவது கடைகளின் முன்னால் கூரையோடு ஓடும் நடைபாதை. கடைத்தெருவில் அது பாதி கடை, பாதி தெரு. பூ கட்டுபவர், மழைக்கு ஒதுங்குபவர் எல்லாரும் அங்கேதான். மண்டபத்தின் தரையும் தூண்களும் பல் பல்லாக அதற்குள் நீளட்டும்.

சோதிக்க, முகப்புப் படத்தை மூடிவிட்டுத் தரைப்படத்தை மட்டும் பாருங்கள். அதில் ஒன்றும் மாறவில்லை என்றால் இன்னும் ஸ்டிக்கர்தான்.

சுவரின் மூலம் பின்னிய பாய் என்று ஜெர்மன் கட்டடக்கலைஞர் கோட்ஃப்ரீட் செம்பர் 1851இலேயே எழுதினார். கம்பத்து (மலாய்க் கிராமத்து) வீடுகளில் மூங்கிலைப் பின்னிச் செய்யும் கெலாராய் சுவரும் அதே வகை. உங்கள் வடிவமைப்பு அறிக்கைக்கு இது உதவும். ஆனால் கெலாராய் மாதிரி இடைவெளி விட்டுச் செங்கல் அடுக்கினால் காற்றோடு சாரலும் உள்ளே வரும். கூரையை நன்றாக நீட்டாமல் அதில் கை வைக்காதீர்கள்.