பானை ஒரு டிகிரிதான் குளிர்ந்தது: புராஜெக்டை மாற்றிவிடலாமா?

கேள்வி: என் மகள் ஒன்பதாம் வகுப்பு படிக்கிறாள். நாகப்பட்டினத்தில் கடலுக்குப் பக்கத்திலேயே வீடு. பள்ளியில் ஒவ்வொரு பிள்ளையும் தனக்குப் பிடித்த ஒன்றை எடுத்து ஆராய்ந்து, மேடையேறி 8 நிமிடம் பேச வேண்டும் என்று சொல்லியிருக்கிறார்கள். மண்பானை தண்ணீரை எப்படிக் குளிரவைக்கிறது என்பதை அவளே விரும்பி எடுத்தாள். குழாய் வைத்து, பூ வரைந்த 8 லிட்டர் பானை வாங்கிக் கொடுத்தோம். மாலை 5 மணிக்கு எவர்சில்வர் குடத்துத் தண்ணீரோடு ஒப்பிட்டால் ஒரு டிகிரிதான் குறைவாக இருக்கிறது. நான்கு நாளும் அப்படியே. "இதை வைத்து என்ன பேசுவது, எரிமலை மாடல் செய்துவிடுகிறேன்" என்கிறாள். ஆடி பிறந்துவிட்டது, இன்னும் ஆறு வாரம்தான் இருக்கிறது. மாற்றிவிடலாமா?

பதில்: மாற்ற வேண்டாம். எரிமலை மாடலில் சோடா உப்பும் வினிகரும் பொங்கும் என்பது எல்லோருக்கும் முன்கூட்டியே தெரியும். உங்கள் மகள் கையில் இருப்பதோ, விடை தெரியாத ஒரு நல்ல கேள்வி: ஊரே புகழும் மண்பானை எங்கள் வீட்டில் மட்டும் ஏன் ஒரு டிகிரியோடு நின்றது? புராஜெக்டின் தலைப்பையே இப்படி வைத்துவிடலாம். ஆறு வாரம் தாராளம்.

முதலில் அந்த ஒரு டிகிரி உண்மையா என்று பார்க்க வேண்டும். ஒரே கடையில் வாங்கிய இரண்டு வெப்பமானிகள்கூட ஒரு டிகிரி முன்பின்னாகக் காட்டும். டிஜிட்டல் கருவியில் 30.4 என்று புள்ளிக்கு அப்புறமும் எண் தெரிவதால் அது துல்லியம் என்று நினைத்துவிடுகிறோம். திரையில் தெரியும் நுணுக்கம் வேறு, கருவியின் துல்லியம் வேறு. எனவே எல்லா வெப்பமானிகளையும் ஒரே டம்ளர் தண்ணீரில் ஐந்து நிமிடம் ஒன்றாக நிறுத்தி, எது எவ்வளவு வித்தியாசம் காட்டுகிறது என்று எழுதச் சொல்லுங்கள். பிறகு ஐஸ்கட்டிகளைப் பொடித்து, இடைவெளி நிறையும் அளவுக்கு மட்டும் தண்ணீர் ஊற்றிக் கலக்கி, அதில் ஒருமுறை பார்க்க வேண்டும். 0 காட்ட வேண்டிய இடத்தில் 0.8 காட்டினால், இனி எடுக்கும் ஒவ்வொரு அளவிலும் 0.8 கழித்துக்கொள்ள வேண்டியதுதான். இந்தச் சோதனை அரை மணி நேர வேலை. இதைச் செய்யாமல் ஒரு டிகிரி வித்தியாசத்தைப் பற்றிப் பேசவே முடியாது.

எந்த வெப்பமானி? காய்ச்சல் பார்ப்பது உதவாது. உங்கள் தண்ணீர் இருக்கும் 30 டிகிரிப் பக்கத்தை அது காட்டவே காட்டாது. நெற்றிக்கு நேரே பிடிக்கும் துப்பாக்கி மாதிரிக் கருவியும் வேண்டாம். அது தண்ணீரை அளக்காது, பாத்திரத்தின் மேற்பரப்பைத்தான் அளக்கும். பளபளக்கும் எவர்சில்வரில் தப்பாகவே காட்டும். பள்ளி ஆய்வகத்தில் இருக்கும் சிவப்புத் திரவ வெப்பமானி போதும். முனையை உள்ளே விட்டு அளக்கும் சமையல் டிஜிட்டல் வெப்பமானியும் நல்லது. மொத்தம் மூன்று தேவை. ஒன்று தண்ணீருக்கு, இரண்டு காற்றுக்கு.

அடுத்தது பானை. பூ வரைந்த பானை என்று எழுதியிருக்கிறீர்கள். சிக்கலில் பாதி அங்கேதான் இருக்க வேண்டும். பானைச் சுவரில் இருக்கும் கண்ணுக்குத் தெரியாத துளைகள் வழியாகத் தண்ணீர் வெளியே கசிகிறது. கசிந்தது காற்றில் ஆவியாகும்போது அதற்கு வேண்டிய வெப்பத்தைப் பானையிலிருந்தும் உள்ளே இருக்கும் தண்ணீரிலிருந்தும் எடுத்துக்கொள்கிறது. பெயிண்டோ வார்னிஷோ பூசினால் அந்தத் துளைகள் அடைபட்டுப்போகும். தண்ணீர் நிரப்பி மூன்று மணி நேரம் கழித்து, பானையின் வயிற்றில் விரலால் தடவிப் பார்க்கச் சொல்லுங்கள். பூச்சு இல்லாத இடம் பிசுபிசுவென்று ஈரமாக, சில்லென்று இருக்கும். பூ வரைந்த இடம் மொழுமொழுவென்று காய்ந்திருக்கும். செய்தித்தாள் துண்டு ஒன்றை இரண்டு இடத்திலும் ஒரு நிமிடம் அழுத்திப் பிடித்தால், ஓரிடத்தில் தாள் நனைந்து நிறம் மாறும், மற்ற இடத்தில் அப்படியே இருக்கும். மேடையில் காட்ட இதைவிட எளிய சாட்சி வேறில்லை. அந்த இரண்டு தாளையும் பத்திரப்படுத்தி வையுங்கள்.

ஆய்வுக்கு அந்தப் பெரிய பானையை விட்டுவிடுங்கள். குயவரிடமே போய், ஒரே சூளையில் வெந்த, ஒரே அளவான சின்னப் பானைகள் இரண்டு வாங்குங்கள். இரண்டு லிட்டருக்குக் கொஞ்சம் மேலே கொள்வதாக இருக்கட்டும். சுண்டிப் பார்த்துக் கணீரென்று கேட்பதை எடுங்கள், மங்கலாகக் கேட்டால் விரிசல் இருக்கலாம். ஒன்றை அப்படியே வைத்துக்கொண்டு, மற்றதன் வெளிப்புறம் முழுவதும், அடிப்பாகம் உட்பட, எனாமல் பெயிண்ட் இரண்டு கை அடித்து இரண்டு நாள் காய விடுங்கள். மூன்றாவது, ஏறக்குறைய அதே அளவில் ஓர் எவர்சில்வர் பாத்திரம். பெயிண்ட் அடித்த பானை எதற்கு என்றால், எவர்சில்வரையும் பானையையும் மட்டும் வைத்தால், "மண் கனமாக இருக்கிறது, அதனால் சூடு உள்ளே போகவில்லை" என்று யாராவது சொல்லலாம். பெயிண்ட் அடித்ததும் அதே மண், அதே கனம். அது குளிரவில்லை என்றால், குளிரவைத்தது கசிவுதான் என்று அவள் தைரியமாகச் சொல்லலாம். பெயிண்ட் பானைத் தண்ணீரை யாரும் குடிக்க வேண்டாம், செடிக்கு ஊற்றிவிடுங்கள்.

பூசாத பானையை ஒரு நாள் முழுக்கத் தண்ணீரில் ஊறவைத்த பிறகே அளவைத் தொடங்க வேண்டும். காய்ந்த பானை முதல் நாள் தண்ணீரைத் தானே குடித்துக்கொள்ளும், கணக்கு தப்பும்.

அளக்கும் முறை இப்படி இருக்கட்டும். காலை 6 மணிக்கு ஒரே வாளித் தண்ணீரை மூன்றிலும் 2 லிட்டர் ஊற்றி மூடுங்கள். மூன்றும் வெயில் படாத, காற்று வரும் ஒரே திண்ணையில், ஒன்றையொன்று தொடாமல் ஒரு சாண் இடைவெளியில் இருக்க வேண்டும். தரையிலிருந்து சூடு ஏறாமல் மூன்றுக்கும் ஒரே மாதிரிப் பிரிமணை போடுங்கள். 8 மணி தொடங்கி இரண்டு மணிக்கொருமுறை மாலை 6 வரை அளவு. பள்ளி நாளில் இது நடக்காது, ஆகவே சனி, ஞாயிறுதான். முதல் வாரம் சாமான் சேர்க்கவும் பெயிண்ட் காயவும், கடைசி வாரம் ஒத்திகைக்கும் போனால் நடுவில் நான்கு வாரம், எட்டு நாள் அளவு கிடைக்கும். அதில் ஐந்து நாள் ஒழுங்காக அமைந்தாலே போதும்.

ஒவ்வொரு முறையும் அளக்கும் முன் கரண்டியால் மெதுவாக இரண்டு சுற்று கலக்க வேண்டும். அடியில் குளிர்ந்த தண்ணீரும் மேலே அதைவிடச் சூடான தண்ணீரும் தனித்தனியாக நிற்கும். கலக்காமல் மேலாக அளந்தால் பானைக்கு அநியாயம், அடியில் அளந்தால் எவர்சில்வருக்கு அநியாயம். வெப்பமானியை வெளியே எடுத்துப் படிக்கக் கூடாது, அது உள்ளே இருக்கும்போதே, ஒரு நிமிடம் பொறுத்துப் படிக்க வேண்டும். இடையில் யாரும் அந்தப் பானையிலிருந்து மொண்டு குடிக்கக் கூடாது. வீட்டில் இந்த விதிதான் முதலில் மீறப்படும், மூடிமேல் ஒரு சீட்டு ஒட்டிவிடுங்கள்.

5 கிலோ வரை எடை போடும் சமையலறை டிஜிட்டல் தராசு இருந்தால், காலையிலும் மாலையிலும் பூசாத பானையை நிறுத்துப் பார்க்கலாம். குறைந்த எடைதான் ஆவியான தண்ணீர். இங்கே அழகான ஒரு கணக்கு இருக்கிறது. ஒரு கிராம் தண்ணீர் ஆவியாக ஏறக்குறைய 2,430 ஜூல் வெப்பம் வேண்டும். ஒரு கிராம் தண்ணீரை ஒரு டிகிரி குளிரவைக்க 4.2 ஜூல் எடுத்தால் போதும். ஆக, 2 லிட்டரை 4 டிகிரி குளிரவைக்கக் கிட்டத்தட்ட 14 கிராம் ஆவியானால் போதும், மூன்று தேக்கரண்டித் தண்ணீர்கூட இல்லை. தராசோ அதைப் போலப் பல மடங்கு தண்ணீர் குறைந்துபோனதாகக் காட்டும். மிச்சமெல்லாம் எங்கே போனது? சுற்றியுள்ள காற்றிலிருந்து பானைக்குள் சூடு ஓயாமல் வந்துகொண்டே இருக்கிறது. அதை வெளியே தள்ளுவதிலேயே பெரும்பகுதி ஆவியும் செலவாகிவிடுகிறது. அவளே கூட்டிக் கழித்து இந்த இடத்துக்கு வந்து சேரட்டும், நீங்கள் முந்திச் சொல்லிவிடாதீர்கள்.

இப்போது உங்கள் ஊர். பானைக்கு ஓர் எல்லை உண்டு. அன்றைய காற்றில் ஈரத்துணி எவ்வளவு குளிருமோ, அதற்குக் கீழே பானையும் போகாது. அந்த எல்லைக்கு ஈரக்குமிழ் வெப்பநிலை என்று பெயர். இதை வீட்டிலேயே அளக்கலாம். கஞ்சி போகத் துவைத்த பழைய வேட்டித் துணியில் இரண்டு விரல் அகலம் கிழித்து, ஒரு வெப்பமானியின் குமிழைச் சுற்றி நூலால் கட்டுங்கள். அதைச் சாதாரணத் தண்ணீரில் நனைத்துத் தொங்கவிட்டு, பனையோலை விசிறியால் மூன்று நிமிடம் விடாமல் விசிற வேண்டும். எண் இறங்கி ஓரிடத்தில் நிற்கும், அதுதான் எல்லை. பக்கத்தில் இருக்கும் காய்ந்த வெப்பமானி காற்றின் வெப்பத்தைக் காட்டும். தண்ணீரை அளக்கும் ஒவ்வொரு நேரத்திலும் இந்த இரண்டையும் சேர்த்து எழுத வேண்டும்.

காற்று 36 டிகிரியும் ஈரப்பதம் 40 சதவீதமும் இருக்கும் இடத்தில் அந்த எல்லை ஏறக்குறைய 25 டிகிரி. 32 டிகிரியும் 75 சதவீதமும் இருக்கும் கடலோரத்தில் 28 டிகிரி. முதல் இடத்தில் பானைக்கு இறங்க 11 படி இருக்கிறது, இரண்டாம் இடத்தில் 4 படிதான். எவர்சில்வர் தண்ணீர் 32, பானைத் தண்ணீர் 30 என்று வைத்துக்கொள்வோம். இரண்டு டிகிரிதானே என்று தோன்றும். ஆனால் இறங்க முடிந்த நான்கில் இரண்டு, அதாவது பாதி. வறண்ட ஊரில் அதே பானை 36இலிருந்து 30.5க்கு வந்தாலும் 11இல் ஐந்தரை, அதுவும் பாதிதான். பானை இரண்டு ஊரிலும் ஒரே மாதிரிதான் உழைத்திருக்கிறது, காற்றுதான் இடம் கொடுக்கவில்லை. இந்த விகிதத்தை அவள் ஒவ்வொரு நேரத்துக்கும் போட்டுப் பார்க்கட்டும். எவர்சில்வர் தண்ணீரிலிருந்து பானைத் தண்ணீரைக் கழித்து, எவர்சில்வர் தண்ணீரிலிருந்து ஈரக்குமிழைக் கழித்து, முதலாவதை இரண்டாவதால் வகுத்தால் போதும்.

நாகப்பட்டினத்தில் இருப்பது இந்த ஆய்வுக்குக் குறையே அல்ல, கொடுப்பினை. ஆடி மாதத்தில் காலையில் தரைப்பக்கமிருந்து மேல்காற்று வறண்டு அடிக்கும். பகல் ஏறக் கடற்காற்று உள்ளே வந்ததும் காற்றில் ஈரம் கூடும். ஒரே நாளில், ஒரே திண்ணையில், இரண்டு ஊர்க் காற்று. நீங்கள் மாலை 5 மணிக்கு மட்டும் அளந்தீர்கள், அது பானைக்கு இடம் குறைந்த நேரம். 10 மணிக்கும் 12 மணிக்கும் அளந்தால் கதை மாறலாம். கடற்காற்று எத்தனை மணிக்குத் திரும்பியது என்பதைக் கொடியில் காயும் துணி எந்தப் பக்கம் பறக்கிறது என்று பார்த்தே குறித்துக்கொள்ளலாம்.

வரம்பை உலக உதாரணத்தோடு சொல்ல விரும்பினால் இரண்டு பேர் இருக்கிறார்கள். நைஜீரியாவின் முகம்மது பா அப்பா, பானைக்குள் பானை வைத்து, நடுவில் ஈரமணல் நிரப்பிக் காய்கறி கெடாமல் காத்தவர், 2000ஆம் ஆண்டு ரோலெக்ஸ் விருது பெற்றார். குஜராத்தின் வாங்கானேரில் மன்சுக்பாய் பிரஜாபதி மின்சாரம் இல்லாத மண் குளிர்ப்பெட்டியை உருவாக்கி 'மிட்டிகூல்' என்று பெயர் வைத்தார். வடக்கு நைஜீரியாவும், வாங்கானேர் இருக்கும் சௌராஷ்டிரமும் வறண்ட நிலங்கள், அங்கே பானைக்கு இறங்க இடம் அதிகம். ஒரு நிமிடத்துக்கு மேல் இதற்குக் கொடுக்க வேண்டாம், மேடை அவளுடைய எண்களுக்கானது.

எண்கள் ஒரு நோட்டில், பேனாவில், அந்தந்த நேரத்தில் எழுதப்பட வேண்டும். பூனை தட்டிவிட்ட நாள், மறந்துபோன 2 மணி எல்லாம் அதில் அப்படியே இருக்கட்டும். அழகாகப் பிரதி எடுத்த நோட்டைவிடத் தண்ணீர் சொட்டிய நோட்டைத்தான் நடுவர்கள் நம்புவார்கள். 1993 முதல் நடக்கும் தேசிய குழந்தைகள் அறிவியல் மாநாட்டுக்கு இதே ஆய்வைப் பிறகு கொண்டுபோக நினைத்தாலும் அந்த நோட்டு கைகொடுக்கும்.

பேச்சுக்கு ஒரே ஒரு வரைபடம் போதும். கீழே மணி, பக்கத்தில் வெப்பநிலை, நான்கு கோடுகள்: எவர்சில்வர், பெயிண்ட் பானை, பூசாத பானை, எல்லாவற்றுக்கும் அடியில் ஈரக்குமிழ். சார்ட் அட்டையில் கோடுகளைத் தடித்த மார்க்கரால் போட்டு, கடைசி பெஞ்ச் தூரத்தில் நின்று படித்துப் பாருங்கள். முதல் நிமிடத்தில் "ஒரு டிகிரிதான் குளிர்ந்தது" என்று தொடங்கட்டும். அடுத்து ஏன் என்று என்னென்ன சந்தேகப்பட்டாள், ஒவ்வொன்றையும் எப்படிச் சோதித்தாள் என்று போனால் 7 நிமிடம் தானாக நிறையும். மேடையில் பானையைக் குளிரவைத்துக் காட்ட முயல வேண்டாம், அதற்கு மணிக்கணக்கு ஆகும். மூன்று நிமிடத்தில் காட்ட முடிந்தது ஈரத்துணி கட்டிய வெப்பமானி. ஒரு தோழியை விசிறச் சொல்லி, முன்வரிசையிலிருந்து யாரையாவது கூப்பிட்டு, தொடக்கத்திலும் கடைசியிலும் எண்ணை உரக்கப் படிக்கவைத்தால் அரங்கமே கவனிக்கும். விசிறும் நேரத்தில் அவள் பேச்சை நிறுத்தாமல் வரைபடத்தை விளக்கலாம்.

பேச்சை நீங்கள் எழுதிக் கொடுக்காதீர்கள். கேள்வி நேரத்தில் அது தெரிந்துவிடும். "பானைத் தண்ணீர் உடம்புக்கு நல்லதா?" என்று கட்டாயம் யாராவது கேட்பார்கள். "நான் வெப்பநிலையை மட்டும்தான் அளந்தேன், அதை அளக்கவில்லை" என்பதே சரியான பதில், தயங்காமல் சொல்லப் பழகட்டும். "பழைய பானை ஏன் குளிர்வதில்லை?" என்றும் வரலாம். உப்புத் தண்ணீர் கசிந்து ஆவியாகும்போது உப்பு வெளியே போகாமல் சுவரில் வெள்ளையாகப் பூத்து, துளைகளை அடைக்கிறது. அதனால்தான் பாட்டிமார் பானையைத் தேங்காய் நாரால் தேய்த்துக் கழுவிக் காயவைப்பார்கள்.

அளவெடுக்கும் நாளில் மழை பிடித்துக்கொண்டால் நிறுத்திவிடாதீர்கள். அன்று ஈரக்குமிழும் காற்று வெப்பமும் ஏறக்குறைய ஒட்டிக்கொண்டு நிற்கும், பானை அநேகமாகக் குளிரவே குளிராது. சார்ட் அட்டையின் ஓரத்தில் அந்த நாளுக்கும் ஒரு சின்னப் படத்துக்கு இடம் விட்டுவையுங்கள்.